ஞாயிறும் திறக்க வேண்டிய கதவு: தேக்காவிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

சிராங்கூன் சாலையை ஒட்டிய புளோக்குகளில் குடியிருக்கிறவர்கள், துவாஸ், கிராஞ்சி, பொங்கோல் விடுதிகளிலிருந்து ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்கு வந்து போகிறவர்கள், இந்த இரு தரப்புக்கும் சமூக ஊழியர்களாக வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதியிருக்கிறோம். எங்களில் இங்கேயே பிறந்து தேசிய சேவை முடித்தவர்கள் உண்டு. இரண்டு ஆண்டு பெர்மிட்டில் வந்து எம்ஆர்டி சுரங்கத்துக்குக் கம்பி கட்டியவர்களும் உண்டு. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு, மனிதவள அமைச்சு, தேசிய சமூக சேவை மன்றம், சிங்கப்பூர் சமூக ஊழியர் சங்கம் ஆகியவற்றுக்கு இதை அனுப்புகிறோம். சில பத்திகள் எங்கள் வீட்டு முகவரிக்கே திரும்பி வரும்.

சிறுபான்மையினரின் நலனைத் தொடர்ந்து பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது அரசமைப்பின் 152ஆம் பிரிவு. தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைக்கிறது 153ஏ பிரிவு. ஆகவே கீழே உள்ளவை நியாயமா என்ற விவாதத்தை நாங்கள் தொடங்கவில்லை. உதவி தேடி வருகிறவர் எந்த மொழியில் பேசுகிறார், கையில் இருக்கும் அட்டை என்ன நிறம் என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் உதவியின் தரம் மாறுகிறது. மாறக் கூடாது. சட்டம் திருத்த வேண்டியவற்றை முதலில் வைத்திருக்கிறோம். ஒரு சுற்றறிக்கையிலேயே முடியக் கூடியவற்றைக் கடைசியில். கீழே போகப் போகத் தாமதத்துக்குச் சாக்கு குறையும்.

வாடகைக்கு வீடு விடுகிறவர் இனம் பார்த்து மறுப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். அடிக்கிற கணவனிடமிருந்து மூன்று பிள்ளைகளுடன் வெளியேறிய பெண்ணுக்கு வாடகைப் பணம் வரை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு, வீடு மட்டும் கிடைக்காமல் நின்ற சமூக ஊழியர்கள் எங்களில் இருக்கிறார்கள். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் வீடு "இப்போதுதான் போய்விட்டது" என்பார்கள். இனம் குறிப்பிட்டு விளம்பரம் செய்யக் கூடாது என்று சொத்து முகவர்களுக்கு நெறிமுறை இருக்கிறது. வீட்டுக்காரருக்கு எதுவும் இல்லை. எந்தப் புளோக்கில் எந்த இனம் எத்தனை விழுக்காடு என்று 1989 முதல் கணக்கு வைத்து மக்களைக் கலந்து குடியமர்த்தும் நாடு இது. அதே புளோக்கில் ஓர் அறை வாடகை என்று வரும்போது மட்டும் அது வீட்டுக்காரரின் விருப்பம் என்று ஒதுங்க முடியாது. 2025 ஜனவரி 8ஆம் தேதி நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், சமயம், மொழித்திறன் பார்த்து வேலை மறுப்பது தவறு என்று அதில் எழுதியாகிவிட்டது. அதே வாசகத்தை வாடகை ஒப்பந்தத்துக்கும் நீட்டுவதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. காப்பகத்தில் தங்கும் காலம் மாதக் கணக்கில்தான். அந்தப் பெண்ணால் சட்டத்துக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருக்க முடியாது.

சிங்கப்பூர்க் குடிமகனை மணந்து நீண்டகால வருகை அனுமதியில் இங்கே வாழும் பெண், வன்முறையிலிருந்து விலகினால் நாட்டை விட்டே விலக வேண்டியிருக்குமோ என்று அஞ்சும் நிலை தீர வேண்டும். 1961இல் வந்த மாதர் சாசனம் அவளுக்கு நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை தருகிறது. (எங்கள் தாளுக்கும் சாசனம் என்று பெயர் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.) ஆனால் அவள் தங்கும் அனுமதிக்கு ஆதரவாளராகக் கையொப்பமிடுவது பெரும்பாலும் அதே கணவன்தான். ஒரு கையில் ஆணை, மறு கையில் காலாவதியாகும் அனுமதி. தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த பெண்ணிடம் "ஊருக்குப் போயிடு, பிள்ளை இங்கேதான் இருக்கும்" என்று ஒருவன் சொன்னால் போதும். போலீசுக்குப் போன கால் திரும்பிவிடும். ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே பார்ப்பதாக அதிகாரிகள் சொல்வது எங்களுக்குத் தெரியும். தனித்தனியே பார்ப்பதை எழுத்தில் உள்ள விதியாக மாற்றுங்கள்: பாதுகாப்பு ஆணை பெற்றவருக்குக் கணவன் கையொப்பம் இல்லாமலே அனுமதி தொடர வேண்டும், வேலை பார்க்கும் உரிமை அதனுடன் வர வேண்டும், அரசின் காம்கேர் நிதியுதவி கேட்கத் தன் பெயரிலேயே அவளுக்கு வழி இருக்க வேண்டும். விதி எழுத ஆகும் ஒவ்வொரு மாதமும் அவன் மிரட்டலுக்குக் கூடுதல் ஆயுள்.

வீட்டுப் பணிப்பெண்களை வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள்ளும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டும். இரண்டிலும் அவர்கள் இன்று வெளியே நிற்கிறார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013இல் வந்தது. பணம் கொடுத்து அந்த நாளை வாங்கிக்கொள்ளலாம் என்ற வாசலும் கூடவே வந்தது. 2023 ஜனவரி முதல் மாதத்துக்கு ஒரு நாளையாவது விலைக்கு வாங்க முடியாது. அதாவது ஒரு பெண் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் வெளியே வந்தாலும் சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. பன்னிரண்டு நாளில் அவள் எந்தச் சமூக ஊழியரைத் தேடி வருவாள்? இந்தக் கோரிக்கை எங்கள் வீட்டுச் சமையலறைக்குள்ளும் நுழைகிறது என்பதை மறைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பெண்களுக்கு முதலாளிகளாக இருப்பவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். "வீட்டுப் பெண் மாதிரிதான் வைத்திருக்கிறோம்" என்று சொல்கிறவரிடம் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை நாள் விடுப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

விடுதிகளுக்குள் சமூக ஊழியர் நுழைவதற்கு உரிமை வேண்டும். விடுதி நடத்துகிறவரின் அனுமதியை நம்பி அது இருக்கக் கூடாது. விடுதி என்றால் என்ன என்பதை 2020இல் நாடு முழுவதும் தெரிந்துகொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கொரோனா தொற்று வந்து போயிருந்தது. ஏறக்குறைய 1,52,000 பேர். அதன் பிறகு வந்த புதிய தரம் ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம், அறைக்கு அதிகம் போனால் 12 பேர் என்கிறது. பழைய விடுதிகள் இடைக்காலத் தரத்துக்கு மாற 2030 வரையும், முழுத் தரத்துக்கு மாற 2040 வரையும் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. 2025இல் 25 வயதில் வந்து இறங்கிய தம்பிக்கு 2040இல் வயது நாற்பது. அவனுக்காக அளந்த 4.2 சதுர மீட்டரில் அவன் ஒரு நாளும் படுக்காமலே ஊர் திரும்பியிருப்பான். கட்டடத்துக்கு அவகாசம் வேண்டும் என்பதாவது புரிகிறது. ஆளுக்கு எதற்கு அவகாசம்? ஏழு பேரோ அதற்கு மேலோ தங்கும் விடுதிகளையும் 2023 முதல் ஒரே சட்டம் ஆள்கிறது. அந்தச் சட்டத்தில் ஒரு விதி சேருங்கள்: தமிழும் வங்காளமும் பேசும் சமூக ஊழியர், வாரம் ஒரு மாலை, முதலாளியின் காதுக்கு எட்டாத ஓர் அறையில். சொன்னது வெளியே போகாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். "மனசு சரியில்லை" என்று சொன்னால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நம்புகிறவன், தூக்கம் வராத இரவுகளைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டான்.

இனி, அடிபட்டவர்கள். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தேக்காவில் எங்கள் கண்முன்னே தினமும் நடப்பது இது. சாரத்திலிருந்து விழுந்தவர், விரல் நசுங்கியவர், முதுகு பிடித்துக்கொண்டவர் கேஸ் போடுகிறார். பெர்மிட் ரத்தாகிறது. கையில் ஸ்பெஷல் பாஸ் வருகிறது. அது நாட்டில் இருக்க அனுமதிக்கும். வேலை செய்ய அனுமதிக்காது. சட்டம் இந்த இடத்தில் மோசமில்லை: மருத்துவ விடுப்புக்கு முதல் 14 நாள், மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாள், முழுச் சம்பளம், அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. கேஸ் முடியும்வரை சோறும் இருப்பிடமும் தர வேண்டியது முதலாளியின் கடமை. ஆனால் முதலாளி தரும் இருப்பிடத்துக்குத் திரும்பப் பயந்து வெளியேறிவிட்டால் சோறு போச்சு. நிரந்தர ஊனத்துக்கு இழப்பீட்டுப் பாய்ண்ட்ஸ் எத்தனை வரும் என்று மருத்துவர் மதிப்பிடும்வரை, ஊரில் ஏஜெண்டுக்கு வாங்கிக் கொடுத்த கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2008 முதல் டிடபிள்யூசி2 அமைப்பு, கஃப் ரோட்டின் பெயரிலேயே ஒரு திட்டம் வைத்து, இப்படிப்பட்டவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறது. அந்த வரிசையைப் பார்த்து நாங்கள் நெகிழ்ந்தது போதும். சட்டப்படி இன்னொருவர் போட வேண்டிய சோற்றைத் தொண்டு அமைப்பு போடுகிறது என்பதுதான் அந்த வரிசைக்கு அர்த்தம்.

ஆகவே அடிபட்டவர்களுக்காக இரண்டு கேட்கிறோம். அடிபட்டவர் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே அவருக்கென்று ஒரு சமூக ஊழியர் நியமிக்கப்பட வேண்டும், கேஸ் முடியும்வரை அதே ஆள். யார் பணம் கட்டுவார் என்ற கேள்வியோடு தொடங்கும் உரையாடல் அவர் வேலையில் சேராது. வெளிநாட்டு ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியை 2023 ஜூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தியது அதற்காகத்தான். முதலாளி சோறு போடத் தவறினால் அரசு அன்றைக்கே போட்டுவிட்டு, பிறகு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். வசூலிக்கும் வலு அரசிடம்தான் இருக்கிறது, கட்டுப்போட்ட கையோடு நிற்பவனிடம் இல்லை. பசிக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் இதற்கு நாங்கள் தரும் கெடு மூன்று மாதம்.

எங்களைப் பற்றி எழுதி வைத்திருப்பதை நாங்கள் படிக்க வேண்டும். குடும்பச் சேவை நிலையத்தில் ஒருமுறை எழுதப்பட்ட "ஒத்துழைப்பதில்லை" என்ற சொல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நம்மோடு நடந்து வருகிறது. இரவு வேலை முடித்து காலைச் சந்திப்புக்கு வராமல் போனவர் ஒத்துழைக்காதவர் ஆகிறார். இந்திய ஆண் என்றதும் குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்வி முதலில் வருகிறது. படிவத்தில் அந்தப் பெட்டியில் எது நிரப்பப்பட்டாலும், கேள்வி முதலில் வந்ததே ஒரு தீர்ப்புதான். தனியார் அமைப்புகள் தன்னைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பார்க்கவும் திருத்தவும் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. அரசு அலுவலகங்கள் அந்தச் சட்டத்துக்குள் வராது. எங்களுக்கு வேண்டியது சட்டப் போராட்டம் இல்லை, ஒரு வழக்கம்: ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், எங்கள் மொழியில். தவறென்றால் அங்கேயே திருத்துங்கள். ஏற்காவிட்டால் எங்கள் மறுப்பையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அரசிடமே இருக்கும் தாளை எங்களிடம் கேட்காதீர்கள். சில மாதங்களுக்கென்று தரப்படும் காம்கேர் உதவி முடியும்போது மீண்டும் சம்பளச் சீட்டு, மீண்டும் வங்கிக் கணக்கு, மீண்டும் பழைய கதை. பாத்திரம் கழுவுகிறவருக்கும் சந்தையில் காய்கறிப் பெட்டி இறக்குகிறவருக்கும் கைக்காசுதான் சம்பளம்; முதலாளி எழுத்தில் எதுவும் தர மாட்டார். சிங்பாஸ் மின்னடையாளத்தைக் காட்டினால் வங்கிக் கணக்கே திறந்துவிடலாம் என்று பெருமைப்படும் ஊரில், ஏழைக்கு மட்டும் இன்னும் தாள் கட்டு. நாள்பட்ட நோயாளி, தனித்து வாழும் முதியவர் போல ஆறு மாதத்தில் நிலைமை மாறாது என்று தெரிந்தவர்களுக்கு உதவிக் காலத்தை இரண்டு ஆண்டாக்குங்கள். மிச்சமாகும் நேரம் சமூக ஊழியருடையதும்தான்.

"சிண்டாவுக்குப் போனீர்களா?" என்ற கேள்வியைத் தேசிய அலுவலகங்கள் கதவாக வைக்கக் கூடாது. வழிகாட்டிப் பலகையாக வைத்தால் நன்றி. 1991இல் தொடங்கிய இந்தியர் சுய உதவி அமைப்பான சிண்டாவுக்கு இந்தியச் சமூகத்தின் ஊழியர்கள் மத்திய சேமநிதி வழியாக மாதந்தோறும் பணம் தருகிறார்கள். இப்போது சம்பளத்தைப் பொறுத்து ஒரு வெள்ளியிலிருந்து முப்பது வெள்ளி வரை. இது எங்களுக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1950களில் பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டியபோது கூலித் தொழிலாளிகள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் பிடித்தார்கள். தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி வலியுறுத்தியவரும் அவரே. அந்த இரண்டையும் அவர் சேர்த்தே செய்ததை நினைவில் வைக்க வேண்டும்: சொந்தக் கையால் கொடுப்பது ஒன்று, நாட்டிடம் உரிமையாகப் பெறுவது இன்னொன்று. நாங்கள் தரும் வெள்ளி அரசு தர வேண்டியதற்குக் கூடுதலாக வருவது. அதற்குப் பதிலாகக் கழித்துக்கொள்ள முடியாது. இனம் பார்த்து அனுப்பிவைக்கும் பழக்கத்தை நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும்.

விண்ணப்பித்தவர் எத்தனை பேர், மறுக்கப்பட்டவர் எத்தனை பேர், எவ்வளவு நாள் ஆனது என்பதை இனம், மொழி, அனுமதி அட்டையின் வகை பிரித்து அடுத்த ஆண்டறிக்கையிலேயே வெளியிடுங்கள். எண்ணிப் பார்க்காத பாகுபாட்டை மறுப்பது சுலபம். எண்ணிவிட்டால் மறுக்க முடியாது, திருத்தத்தான் முடியும்.

சமூக ஊழியரை மாற்றிக் கேட்க, காரணம் சொல்லாமலே, எங்களுக்கு உரிமை வேண்டும். இதை எங்கள் சமூகத்தை நோக்கியும் சொல்கிறோம். தமிழ்ப் பெயர் இருப்பதால் மட்டும் தமிழருக்கு நல்ல ஊழியர் கிடைத்துவிட்டதாக ஆகாது. "நீங்க எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் துழாவும் கேள்வியை நாங்களும் கேட்டிருக்கிறோம், கேட்கப்பட்டும் இருக்கிறோம். சாதி கடந்து காதலித்ததற்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை, அதே சாதிக் கணக்கு தெரிந்த ஊழியரிடம் எப்படி வாய் திறக்கும்? இங்கேயே பிறந்த தமிழர் ஊரிலிருந்து வந்த தொழிலாளியைப் பார்க்கும் பார்வையும் அதே கணக்குக்குள்தான் கிடக்கிறது. இனம் பற்றிப் பேசும் சமூகப்பணிப் பயிற்சி சாதியையும் வர்க்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும், வரும் கல்வியாண்டின் பாடத்திலேயே. சமூகநீதியும் மனித உரிமையும் சமூகப்பணியின் மையம் என்று அனைத்துலகச் சமூக ஊழியர் கூட்டமைப்பு 2014இல் ஏற்ற வரையறை கூறுகிறது. இங்கே 1952 முதல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் தொழில் இது. வரையறையை மனப்பாடம் செய்யும் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

அந்த ஊழியர்களுக்காகவும் ஒன்று. அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒரே பெண் என்றால், தமிழில் வரும் எல்லா வழக்கும் அவள் மேசைக்கு. அதோடு, மற்றவர்களின் சந்திப்புக்கும் "ஒரு நிமிஷம் வந்து சொல்லிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். அந்த நிமிஷங்கள் எந்தக் கணக்கிலும் வராது, சம்பளத்திலும் வராது. மொழிபெயர்ப்பை வேலையாகக் கணக்கிடுங்கள், வழக்குச் சுமையில் கழியுங்கள், ஊதியம் கொடுங்கள். இல்லையென்றால் அவள் போய்விடுவாள்; போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படிப் போனவர் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது பத்து வயதுப் பிள்ளை. தாய்க்கும் அதிகாரிக்கும் நடுவில் உட்கார்ந்து, அப்பா எவ்வளவு கடன் வாங்கினார், அம்மாவுக்கு எங்கே அடி விழுந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளை. சொல்லத் தெரியாததை விட்டுவிடும். சொல்லக் கூசுவதையும் விட்டுவிடும். விட்டுப்போன அந்த வாக்கியத்தில்தான் பல சமயம் வழக்கே இருக்கும். எந்தச் சமூக சேவை அலுவலகத்திலும், குடும்பச் சேவை நிலையத்திலும், மருத்துவச் சமூக ஊழியர் அறையிலும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று இன்றே ஆணையிடுங்கள். பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர், நேரிலோ தொலைபேசியிலோ, எல்லா அலுவலக நேரத்திலும் கிடைக்க வேண்டும். திருடியதாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அரிசி வாங்கக் காசில்லை என்று வந்தவருக்கு மட்டும், அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் பணியில் இருந்தால் அதிர்ஷ்டம்.

தமிழை வீட்டில் அதிகம் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு என்பதை எங்களிடம் எடுத்துக் காட்டுவார்கள். தேவை தானாகவே குறைந்துவிடும் என்பார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிய வீட்டில் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி முன்பைவிடத் தனியாக இருக்கிறார் என்று அந்த எண்ணை நாங்கள் படிக்கிறோம். எண்பது வயதில் அவர் ஆங்கிலம் கற்கப் போவதில்லை. நீங்கள் ஆள் வைக்கும்வரை ஒருவேளை இருக்கவும் போவதில்லை. இயந்திர மொழிபெயர்ப்பைக் காட்டிச் சமாளிக்க வேண்டாம். லாவ் பா சாட் என்ற உணவுச் சந்தையின் பெயரில் உள்ள சாட்டைச் சனிக்கிழமையாக்கி, சுற்றுலாப் பலகையில் "சனி" என்று தமிழில் எழுதியதைப் பார்த்து 2014இல் ஊரே சிரித்தது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். வழக்குக் கோப்பில் அப்படி ஒரு சனி ஏறினால் கழற்ற ஆளில்லை. முடியுமா என்ற கேள்விக்கு 2020 விடை சொல்லிவிட்டது: நோய்த்தொற்றுக் காலத்தில் விடுதிகளுக்குத் தமிழிலும் வங்காளத்திலும் செய்திகள் நாள் தவறாமல் போயின. எங்களால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றபோது மொழி கிடைத்தது.

கடைசிக் கோரிக்கைக்குச் சட்டம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், குழுவும் வேண்டாம். சிராங்கூன் சாலைக்கு நடந்து போகும் தூரத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு சமூக சேவை அலுவலகம் திறந்திருக்க வேண்டும். ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு ஞாயிறுதான் நாள். அன்று வீரமாகாளியம்மன் கோயில் திறந்திருக்கும், முஸ்தபா கடை திறந்திருக்கும், கேம்பல் லேனில் பூக்கடை, பஃபலோ ரோட்டில் காய்கறிக்கடை, பணம் அனுப்பும் கடை எல்லாம் திறந்திருக்கும். தொண்டு அமைப்புகளில் சிலவும் திறந்து வைத்திருக்கின்றன. அரசின் உதவிக் கதவு திங்கட்கிழமை காலை திறக்கும். அந்த நேரம் அவர் லாரியில் போய்க்கொண்டிருப்பார்.

2013 டிசம்பர் 8ஆம் தேதியும் ஒரு ஞாயிறுதான். ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தின் அடியில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். விசாரணைக் குழு அமர்ந்தது, 2014இல் அறிக்கை வந்தது. மறு ஆண்டு மது விற்பனைக்கும் அருந்துவதற்கும் கட்டுப்பாட்டு வட்டாரமாக லிட்டில் இந்தியாவைச் சட்டம் அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கண்காணிக்கக் கேமராவும் விளக்கும் காவலும் வந்தன. ஞாயிறு அன்று இங்கே யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அரசுக்கு அன்றிலிருந்தே நன்றாகத் தெரியும். காவலுக்கு ஞாயிறு வேலை நேரம் என்றால் உதவிக்கும் அது வேலை நேரம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தமிழ் பேசும் ஓர் ஊழியர், காலை பத்து முதல் இரவு எட்டு வரை. வரும் ஞாயிறே தொடங்கலாம். நாங்கள் வழக்கம்போல் அங்கேதான் இருப்போம்.